ஓய்வுக்கு ஒத்திகை

லைட்காரர் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்ய மாட்டார். நகராட்சி அரங்கத்தில் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. மீசை கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்தவர். இப்போது புருவம்கூட நரைத்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவோ, ஏதோ ஒரு சங்கத்தின் பரிசளிப்போ, முதல் நாளே எல்லா விளக்கையும் ஒருமுறை போட்டு அணைத்துப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வீட்டிலும் அதே கதைதான். மகள் முதன்முதலாக வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய நாள் அவளை பஸ்ஸில் அலுவலகம்வரை கூட்டிப்போய், வாசற்படியைக் காட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பக் கூட்டிவந்த மனிதர்.

அதனால், ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் அவர் கேட்டது டெய்லரக்காவுக்கு வியப்பாகவே இல்லை.

"ஒரு மாசம் ஒத்திகை பார்த்துட்டா என்ன?"

டெய்லரக்கா அவருடைய மனைவி. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் நெடுங்காலம் இருந்தவள். தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு ஒரு சின்ன ஓய்வூதியம் வந்தது. அதோடு தையல் மெஷினுக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தெருவில் கடைக்காரரிலிருந்து குப்பை வண்டிக்காரர்வரை எல்லோருக்கும் அவள் டெய்லரக்காதான்.

"எதுக்கு ஒத்திகை?"

"ஓய்வுக்குத்தான். அவங்க தர்றதா சொன்ன பணத்தை மட்டும் வெச்சு ஒரு மாசம் ஓட்டுவோம். ஓடுச்சுன்னா கையெழுத்து. ஓடலைன்னா இன்னும் நாலு வருஷம் வேலை."

அவள் உடனே சரி என்றாள். மனதுக்குள் வேறொரு கணக்கு இருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் விஷயத்தைத் தெளிவாகவே சொல்லியிருந்தாள். லைட்காரருக்கு இப்போது அறுபத்திரண்டு. அறுபத்தாறுவரை காத்திருந்தால் முழு ஓய்வூதியம். இப்போதே வாங்கினால் கால்பங்கு குறையும். குறைந்தது குறைந்ததுதான், ஆயுசுக்கும் ஏறாது. இது ஒன்று. இரண்டாவது, வீட்டின் மொத்த வரவு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் அரசாங்கம் மேலே கொஞ்சம் வருமான உதவித்தொகை சேர்த்துத் தரும். மூன்றாவதாகவும் ஒன்று சொன்னாள். அதற்குள் லைட்காரரின் கவனம் கூரைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு டியூப்லைட் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. பல்வலிக்காரன் அடுத்தவன் பல்லைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரக்கா மூன்றையும் கேட்டு, தலையாட்டி, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டா போட்டதுதான். அப்புறம் மாத்த முடியாது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினாள் அந்தப் பெண்.

எத்தனை வயதுவரை இருந்தால் காத்திருந்தவனுக்கு லாபம் என்பதை டெய்லரக்கா பஸ்ஸிலேயே போட்டுப் பார்த்துவிட்டாள். எழுபத்தெட்டு. அதைத் தாண்டினால் நான்கு வருடம் பொறுத்தவன் முந்துவான். தாண்டாவிட்டால் இப்போதே வாங்கியவன். கணக்கு அந்தப் பக்கமும் பேசியது, இந்தப் பக்கமும் பேசியது. ஆனால் அவளுக்கு வேண்டியது கணக்கில் இல்லாத ஒன்று. அவர் ஏணியை விட்டு இறங்க வேண்டும்.

மேடைக்கு மேலே குறுக்குக் குழாய்கள் ஓடும். விளக்குகள் அதில்தான் தொங்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் ஏணியில் ஏறி, ஒவ்வொன்றையும் திருப்பி, அதன் முகத்தில் கலர் பேப்பர் மாட்ட வேண்டும். போன வருடம் ஒருநாள் அவர் கால் படியில் தவறி, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். அரங்கத்தைக் கூட்டும் அம்மா காய்கறிக் கடையில் வைத்து இதைச் சொன்னாள். வீட்டில் அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால், "ஏணியில ஏற முடியாதவனா நான்?" என்று வீம்புக்கே இன்னும் நான்கு வருடம் ஏறுவார். அந்த மனிதரைத் தள்ளி இறக்க முடியாது. தானாக இறங்கினதாக நினைக்க வைத்துத்தான் இறக்க வேண்டும். அதற்கு ஒத்திகை நல்ல வழியாகத் தெரிந்தது.

நடுவராக மகள் நியமிக்கப்பட்டாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். வங்கிக் கார்டை அவளிடம் ஒப்படைத்தார்கள். அவர் சம்பளம் கணக்கிலேயே கிடக்கும், யாரும் தொடக்கூடாது. வரப்போகும் ஓய்வூதியம், அவளுடைய ஓய்வூதியம், உதவித்தொகை மூன்றையும் கூட்டி, அந்த அளவு பணத்தை மட்டும் எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள்.

"எந்த மாசம்?" என்று கேட்டாள் மகள்.

"இந்த மாசமே" என்றாள் டெய்லரக்கா. "கரண்ட் பில் வருது, இன்சூரன்ஸ் கட்டணும், கேஸும் தீரப்போகுது. இதுல தாண்டிட்டா எதுலயும் தாண்டலாம்."

"அம்மா, நீ பரீட்சைக்கே கஷ்டமான கேள்வித்தாளாப் பார்த்து எடுக்கிறியே."

"உங்கம்மா அப்படித்தான்" என்றார் லைட்காரர். "ஆனா ஒண்ணு. ஒத்திகைன்னா ஒத்திகை. நடுவுல யாரும் கள்ளாட்டம் ஆடக்கூடாது. ஒத்திகையில ஏமாத்தினவனை நான் மேடையில பார்த்திருக்கேன். முழிப்பான் பாரு, அப்படி முழிப்பான்."

முதல் வாரம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆட்டோவை விட்டு பஸ்ஸில் போனார்கள். செய்தித்தாளைக் கீழ்வீட்டில் இரவல் வாங்கிப் படித்தார்கள். டெய்லரக்காவுக்கு நடையிலேயே ஒரு துள்ளல் வந்துவிட்டது. என் கணக்கு தப்பாது என்று பாத்திரம் துலக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் லைட்காரர் தன் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்தார்.

கண்ணாடி இல்லாமல் அவரால் ஃபியூஸ் கம்பியும் மாட்ட முடியாது, செருப்பு ஜோடியும் சேர்க்க முடியாது. புதிதாக வாங்கியே ஆக வேண்டும். கண்ணாடிக் கடைக்காரரை டெய்லரக்கா விலையை இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தாள். டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலை மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது, தகரத்தின் அடி பளபளவென்று தெரிந்தது.

கரண்ட் பில் இன்னும் வரவில்லை. இப்படியே போனால் கடைசி வாரம் டப்பா காலி. டப்பா காலியானால் ஒத்திகை தோல்வி. தோல்வியானால் ஏணி.

மறுநாள் லைட்காரர் அரங்கத்துக்குப் போனதும், மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்தாள்.

கீழ்வீட்டில் மருந்துக்கடைத் தம்பி குடியிருந்தான். கல்யாணமாகாதவன். கடையே கதியென்று கிடப்பான். அவனுடைய பேண்டுகள் எல்லாமே ஓரம் அவிழ்ந்தோ ஜிப் போயோ இருக்கும். அவன் கதவைத் தட்டினாள்.

"தம்பி, தைக்க வேண்டியது எதுனா இருந்தா குடு. கூலி குடுத்துடணும். அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது."

அவன் ஒரு விநாடி அவளை விசித்திரமாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "சரிக்கா, சொல்லல" என்று ஒரு மூட்டையையே தூக்கிக் கொடுத்தான். அவன் கடை ஆட்களுக்கும் விஷயம் போய், அவர்கள் துணியும் வந்தது. பகலில் தைத்து, மாலை அவர் வருவதற்குள் மெஷினுக்குப் போர்வை போர்த்தி, நூல் துணுக்கைக்கூட விடாமல் பெருக்கிவிடுவாள். கூலியை டப்பாவில் மற்ற நோட்டுகளுக்கு அடியில் சொருகுவாள். குற்றவுணர்ச்சி இல்லாமலில்லை. ஆனாலும் ஏணியை நினைத்தால் அது பறந்துவிடும்.

நடுவில் ஒரு விசித்திரம் நடந்தது. அவள் போட்டதைவிட டப்பா தாராளமாக இருந்தது. கேஸ் வாங்கினாள், குறைந்தது. இரண்டு நாளில் பழையபடி நின்றது. கரண்ட் பில் கட்டினாள், கையைக் கடிக்கவில்லை. நமக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்று அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. இரண்டு முறை எண்ணினாள். மூன்றாவது முறை எண்ணப் பயமாக இருந்தது. நல்ல செய்தியைத் தோண்டித் துருவிக் கெடுத்துக்கொள்வானேன் என்று மூடியை அழுத்தி மூடினாள்.

லைட்காரர் அந்த மாதம் அரங்கத்திலிருந்து தாமதமாகவே வந்தார். "ஒயரிங் பழசாயிடுச்சு, ஒரே ரிப்பேர்" என்பார். விரல்களில் ஈயம் பற்றவைத்த வாசனை அடிக்கும். அவளுக்கு அது பழகிய வாசனை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் தீர்ப்புச் சொல்ல வந்தாள். சாப்பாட்டு மேசையில் டப்பாவைக் கவிழ்த்தாள். ரசீதுகளை ஒரு பக்கம் அடுக்கினாள். கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்."

"என்ன?" என்றார் லைட்காரர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"டப்பாவுல போட்டதைவிடச் செலவு ஜாஸ்தி ஆயிருக்கு. ஆனா டப்பாவுல மிச்சமும் இருக்கு. இந்த டப்பா குட்டி போடுமா?"

"காய்கறி விலை இறங்கியிருக்கு" என்றாள் டெய்லரக்கா.

"ஆமாமா" என்றார் அவர் அவசரமாக. "தக்காளி தெருவுல கொட்டிக் கிடக்கு."

"தக்காளி சும்மாவே குடுத்தாலும் இவ்வளவு மிஞ்சாதுப்பா."

மகள் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் மருந்துக்கடைத் தம்பி. முகமெல்லாம் வியர்வை. உள்ளே மூன்று பேரையும் பார்த்ததும் வந்த விஷயத்தை விழுங்கிக்கொண்டான்.

"சும்மா... பார்த்துட்டுப் போலாம்னு."

"வா தம்பி" என்றாள் டெய்லரக்கா. குரல் ஒரு நூல் இறங்கியிருந்தது.

அவன் உட்காரவில்லை. லைட்காரர் பக்கம் திரும்பி, வலது கையை முன்னும் பின்னுமாக இழுத்துத் தேய்த்துக் காட்டினான். அவர் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். அவன் டெய்லரக்கா பக்கம் திரும்பி, தன் முழங்காலைத் தட்டி, கணுக்காலைத் தட்டி, கேள்விக்குறியாகப் புருவத்தைத் தூக்கினான். அவள் கண்ணாலேயே 'போ, போ' என்றாள். மறுபடி அவரிடம் தேய்த்தான். மறுபடி அவளிடம் தட்டினான்.

"என்னண்ணே, டான்ஸ் கத்துக்கறீங்களா?" என்றாள் மகள்.

அவன் பொறுமை அறுந்தது. "நான் என்னம்மா பண்றது? காலையில ஊருக்குப் போறேன். தங்கச்சி வீட்டு விசேஷம். பேண்ட் அக்காகிட்ட இருக்கு. இஸ்திரிப்பெட்டி ரிப்பேருக்கு அண்ணன்கிட்ட இருக்கு. அண்ணனுக்குத் தெரியக்கூடாதுன்னு அக்கா சொல்றாங்க. அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு, அவங்க வந்து கேட்டதுக்கு முந்தின நாளே அண்ணன் சொல்லிட்டாரு. ஒரு மாசமா ரெண்டு ரகசியத்தை வயித்துல கட்டிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கறேன். எனக்கு பேண்டும் வேணும், பெட்டியும் வேணும்."



டெய்லரக்கா எழுந்து மெஷின் போர்வைக்கு அடியிலிருந்து பேண்டை எடுத்தாள். லைட்காரர் பரணிலிருந்த பழைய பெட்டிக்குள் கைவிட்டு இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். கூடவே ஒரு டேபிள் ஃபேனும், இரண்டு மிக்ஸி மோட்டாரும் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தம்பி பேண்டையும் இஸ்திரிப்பெட்டியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூலியை மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனான்.

மகள் சிரிப்பை அடக்க டப்பா மூடியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடியைக் கீழே வைத்தாள்.

"ஒத்திகை செல்லாது" என்றார் லைட்காரர். "ரெண்டு பேருமே கள்ளாட்டம். நாலு வருஷம்தானே, போயிடும். நான் வேலையைப் பார்க்கறேன்."

 ஒரு மாதமாகக் கட்டிக் காத்தது கண் முன்னால் சரிந்துகொண்டிருந்தது. தானாக இறங்கட்டும் என்று பொறுத்தது போதும் என்று டெய்லரக்காவுக்குத் தோன்றியது.

"நீங்க ஏணியில கால் தவறி, குழாயைப் பிடிச்சுத் தொங்கினது எனக்குத் தெரியும்."

அவர் திரும்பினார். "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? ஒரு வருஷமா தெரியும். நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருப்பேன். அதனாலதான் தைச்சேன். ஒத்திகை ஜெயிச்சா நீங்க இறங்கிடுவீங்கன்னு."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"அன்னைக்குத் தவறினது கால்தான். ஆனா அதுக்கப்புறம் மேல போனாலே கீழ இருக்கிற நாற்காலியெல்லாம் ஆடுது. ஒரு கையால விளக்கைத் திருப்பறேன், இன்னொரு கை குழாயை விடவே மாட்டேங்குது. நாலு படி ஏறினதும் இறங்கிடலாமான்னு இருக்கு."

"அப்பா, இதை ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? லைட்காரனுக்கு ஏணி பயம்னா ஊரே சிரிக்கும். உங்கம்மாகிட்ட சொன்னா அன்னைக்கே வேலையை விடச் சொல்லுவா. அப்புறம் பணம் பத்தலைன்னா? ஒத்திகை ஜெயிச்சிருந்தா பயந்து விட்டதா இருக்காது. கணக்கு விடச் சொல்லுச்சு, விட்டேன்னு இருக்கும். கண்ணாடி உடைஞ்சதும் அந்தக் கணக்குல மண்ணு விழுந்துடுச்சேன்னுதான் தம்பிகிட்ட போனேன்."

டெய்லரக்கா அவரையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமிருந்து ஒரே கதவைத் தள்ளியிருக்கிறார்கள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குத் தெம்புதான் வந்தது.

"பேனாவை எடு" என்றாள் மகளிடம். "நான் போட்டது இவ்வளவு. ஏங்க, நீங்க எவ்வளவு போட்டீங்க? பொய் சொல்லாம சொல்லுங்க."

சொன்னார். மகள் இரண்டையும் கழித்தாள். "ரெண்டு பேர் போட்டதையும் எடுத்துட்டா, கிட்டத்தட்ட கண்ணாடி விலைக்குத் துண்டு விழுது. கண்ணாடி உடையாம இருந்திருந்தா சுத்தமா தாண்டியிருப்பீங்க."

"ஏதாவது ஒண்ணு மாசா மாசம் உடையும்" என்றார் லைட்காரர். "அதான் வாழ்க்கை."

"உடையட்டும். நான் தைச்சதுல பாதி போதும் அதுக்கு."

"அதெல்லாம் கூடாது. உதவித்தொகை வாங்கிட்டுக் கள்ளத்தனமா சம்பாதிச்சா அவங்க பிடிச்சா திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. மானம் போயிடும்."

"கள்ளத்தனமா எதுக்கு? சொல்லிட்டே செய்யலாம். அந்தப் பொண்ணு மூணாவதா சொன்னாளே, கேட்கலையா?"

"மூணாவதா என்ன சொன்னா?"

"நீங்க அங்க டியூப்லைட்டுக்கு வைத்தியம் பார்த்துட்டு இருந்தீங்க. மாசத்துக்கு ஓர் அளவு வரைக்கும் கைத்தொழில்ல சம்பாதிக்கலாமாம். வருஷா வருஷம் எழுதிக் குடுத்துடணும். அந்த அளவைத் தாண்டினாதான் உதவித்தொகையில கழிப்பாங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து இந்த மாசம் சம்பாதிச்சதே அந்த அளவுல பாதி வராது."

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, இது முதல்லயே தெரிஞ்சும் ஏன் ஒளிஞ்சு ஒளிஞ்சு தைச்சே?"

"உங்கப்பா டப்பாவை மட்டும் வெச்சுதானே ஒத்திகைன்னாரு. நடுவுல நான் விதியை மாத்தினா, ஜெயிச்சாலும் ஒத்துக்க மாட்டாரு."

லைட்காரர் மறுக்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்: "நாலு வருஷம் காத்திருந்தா முழுசா வருமே. அது போகுதே."

"எழுபத்தெட்டு தாண்டினாதான் அது லாபம். போட்டுப் பார்த்துட்டேன்."

"தாண்ட மாட்டேன்கறியா?"

"தாண்டுவீங்க. ஏணியில ஏறாம இருந்தா."

மகள் இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை.

மறுவாரம் இருவரும் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனார்கள். அதே கவுன்ட்டர், அதே பெண். டெய்லரக்கா கேட்க வேண்டியதையெல்லாம் இன்னொரு முறை வரிசையாகக் கேட்டாள். தையல், மின்சாதன ரிப்பேர் என்று இரண்டு தொழிலையும் எழுதிக் கொடுத்தாள். தனக்கு ஏதாவது ஆனால் மனைவிக்கு எவ்வளவு வரும் என்று லைட்காரர் தானே முன்வந்து கேட்டு, பதிலைக் கடைசிவரை கேட்டார். பிறகு பேனாவை வாங்கினார். கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் சார்."

கூரையில் அந்த டியூப்லைட் இன்னும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. லைட்காரர் அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். டெய்லரக்கா ஒரு முறைப்பைத் தயாராக வைத்திருந்தாள்.

அவர் ஸ்டூலைத் தொடவில்லை. வாசலில் நின்ற இளவயதுக் காவலாளியைக் கூப்பிட்டார்.

"தம்பி, அது டியூப் போகல. ஸ்டார்ட்டர் போயிருக்கு. சுவிட்சை அணைச்சுட்டு ஏறி மாத்து. அவசரப்படாதே, நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கறேன்."

காவலாளி அலமாரியிலிருந்து ஒரு புது ஸ்டார்ட்டரை எடுத்துவந்து ஏறினான். லைட்காரர் இரண்டு காலையும் தரையில் அகட்டி ஊன்றி, ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டார்.